மின்சாரக் கார்: எந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம்?

புதிய மின்சாரக் காரின் விளம்பரத்தில் தெரியும் தொடக்க விலைக்கும், ஷோரூமில் கையெழுத்திடும்போது காகிதத்தில் இருக்கும் விலைக்கும் இடையே பல லட்சம் ரூபாய் வித்தியாசம் வருவது சாதாரணம். மஹிந்திராவின் பிஇ 6 கார் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 18.90 லட்சம். அதே காரின் உச்ச வேரியன்ட் 26.90 லட்சம். இடையில் உள்ள 8 லட்சம் ரூபாயும் பெரிய பேட்டரி, கூடுதல் ரேடார்கள், நல்ல ஸ்பீக்கர்கள், கண்ணாடியில் ஒளிரும் திரை என்று பல வசதிகளுக்கான விலை. வீட்டுச் சார்ஜருக்குத் தனியாக இன்னும் 50,000 அல்லது 75,000 ரூபாய்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல நிறுவனங்கள் காரை ஒரு விலைக்கும், ஒவ்வொரு வசதியையும் தனித்தனி விலைக்கும் விற்கின்றன. வாங்குபவர் வேண்டியதை மட்டும் பட்டியலில் குறித்துக்கொடுக்கலாம். இந்தியாவில் பெரும்பாலும் அப்படி இல்லை. பேஸ் மாடல், நடு மாடல், டாப் மாடல் என்று வசதிகள் மூட்டையாகவே கட்டப்படுகின்றன. பெரிய பேட்டரி மட்டும் வேண்டும் என்பவர் அதோடு சன்ரூஃபையும் சேர்த்து வாங்க நேரலாம். அதனால் இங்கே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு வேரியன்டிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில், உண்மையில் பயன்படப்போவது எவ்வளவு?

இதைத் தீர்மானிக்க வசதிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் வகை, பிறகு சேர்க்கவே முடியாதவை: பேட்டரியின் அளவு, காருக்குள் பொருத்தப்பட்ட சார்ஜிங் கருவி, ஏர்பேக், ரேடார். இரண்டாவது, பிறகு வெளியில் வாங்கிச் சேர்க்கக்கூடியவை: சுவரில் மாட்டும் சார்ஜர், சீட் கவர், தரை விரிப்பு, ஸ்பீக்கர், டேஷ் கேமரா. மூன்றாவது, மென்பொருளாக விற்கப்படுபவை. முதல் வகையில் தவறினால் திருத்த வழியில்லை என்பதால் யோசனையும் பணமும் அங்கேதான் முதலில் போக வேண்டும். இரண்டாவதற்கு அவசரமே இல்லை. மூன்றாவதில் எச்சரிக்கை தேவை.

பேட்டரி: எத்தனை யூனிட் போதும்?

மின்சாரக் காரின் விலையில் மிகப் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். அதன் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று அச்சிடுகிறார்கள். ஒரு கிலோவாட் மணி என்பது மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட். 59 கிலோவாட் மணி பேட்டரி என்றால், நிரம்பிய நிலையில் 59 யூனிட் மின்சாரம் அதில் இருக்கிறது என்று பொருள். நடுத்தர அளவுள்ள ஒரு எஸ்யூவி, ஏசி ஓட, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பெரிதாகத் தவறாது.

விளம்பரத்தில் வரும் தூரம் இதைவிட அதிகமாக இருக்கும். அது எம்ஐடிசி என்ற ஆய்வகச் சோதனையில் வந்த எண். அதில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏற்றமும் இறக்கமும் கத்திரி வெயிலும் அங்கே கிடையாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. எனவே 100 கிலோமீட்டர் வேகத்தில் பேட்டரி கரையும் விகிதம் 80-இல் கரைவதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகம். டாடா நெக்ஸான் இவியின் 45 கிலோவாட் மணி மாடலுக்குச் சோதனை எண் 489 கிலோமீட்டர். நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் கிடைக்கும் என்று சொல்வது 350 முதல் 370 வரை. விளம்பர எண்ணில் நான்கில் மூன்று பங்கை எடுத்துக்கொள்வது பொதுவாகப் பொருந்தும்.

பிஇ 6 காரின் நடு வேரியன்டில் 59 கிலோவாட் மணி பேட்டரி 21.90 லட்சத்துக்கும், 79 கிலோவாட் மணி பேட்டரி 23.50 லட்சத்துக்கும் 2025-இல் விற்கப்பட்டன. வேறு வசதிகள் பெரிதாக மாறாமல் பேட்டரி மட்டும் மாறும் இத்தகைய விலைகள்தாம் ஒப்பிடுவதற்கு ஏற்றவை. வித்தியாசம் 1.60 லட்சம். எட்டு ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? தாம்பரத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர், வழியில் கடை கண்ணி போவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று கொள்வோம். அவருக்கு அன்றாடம் தேவைப்படுவது ஏழெட்டு யூனிட். 59 யூனிட் பேட்டரியே ஒரு வாரம் தாங்கும். 79 யூனிட் இருந்தால் பத்து நாள். இரவில் வீட்டில் செருகிவைக்க முடிந்தவருக்கு இந்த வித்தியாசத்தால் எந்த லாபமும் இல்லை.

வெளியூர்ப் பயணத்தில்தான் வித்தியாசம் தெரியும். பத்து சதவீதத்தைக் கையிருப்பாக விட்டால் சின்ன பேட்டரியில் சுமார் 320 கிலோமீட்டரும் பெரியதில் 425 கிலோமீட்டரும் போகலாம். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பெரிய பேட்டரி நிற்காமல் போய்ச் சேரும். சின்னது வழியில் ஒரு முறை சார்ஜ் கேட்கும். மதுரை 460 கிலோமீட்டர். அங்கே போக இரண்டுமே வழியில் ஒரு முறை நிற்க வேண்டும். சாப்பிடவும் கால் நீட்டவும் எப்படியும் ஓர் அரைமணி நேரம் நிறுத்தும் குடும்பத்துக்கு, அந்த நேரத்தில் கார் சார்ஜ் ஆவது கூடுதல் தாமதம் அல்ல. ஆகவே தூரங்களைப் பொதுவாகப் பார்ப்பதை விட, அடிக்கடி போகும் இரண்டு மூன்று ஊர்களின் தூரத்தை எழுதிவைத்து, எந்த ஊருக்கு நிறுத்தம் மிச்சமாகிறது, ஆண்டில் எத்தனை முறை மிச்சமாகிறது என்று பார்ப்பதே தெளிவான வழி. சொந்த ஊர் திருச்சியாக இருந்து மாதம் இரு முறை போகிறவருக்குப் பெரிய பேட்டரி பணத்துக்கு ஏற்றது. ஆண்டுக்கு இரு முறை தென்காசிக்குப் போகிறவருக்கு அவ்வளவாக இல்லை.

பெரிய பேட்டரிக்குச் சாதகமாக மூன்று காரணங்கள் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தச் சார்ஜிங் இடம் இல்லாதவர் பொதுச் சார்ஜருக்குப் போகும் தடவைகள் குறையும். பெரிய பேட்டரி பொதுவாக ஃபாஸ்ட் சார்ஜரிலிருந்து அதிக மின்சாரத்தை இழுக்கும். பிஇ 6-இல் சின்னதற்கு உச்சம் 140 கிலோவாட், பெரியதற்கு 175. மோட்டாரின் சக்தியும் பல கார்களில் கூடும். ஆனால் பேட்டரி நெடுநாள் உழைக்கும் என்பதற்காகப் பெரியதை வாங்கத் தேவையில்லை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் வீதம் எட்டு ஆண்டு ஓட்டினாலும் சின்ன பேட்டரி சுமார் 340 முறைதான் முழுமையாக நிரம்பிக் காலியாகும். இப்போது பல இந்தியக் கார்களில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்காகச் செய்யப்பட்டவை.

சார்ஜர்: சுவரில் எது, காரில் எது?

வீட்டுச் சார்ஜர் விஷயத்தில் பணம் வீணாவதற்கு வாய்ப்பு அதிகம். ஏசி, ஹீட்டருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம். 220 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3.3 கிலோவாட். இரவு பத்து மணி நேரம் செருகினால் 33 யூனிட். வழியில் இழப்பாகும் பத்து சதவீதத்தைக் கழித்தால் 30 யூனிட். ஓர் இரவில் 180 கிலோமீட்டருக்கான மின்சாரம் இது. தாம்பரத்துக்காரரின் 45 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் போதும்.

அடுத்த நிலை 7.2 கிலோவாட் சார்ஜர். இது சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் மேலே 11 கிலோவாட்; இதற்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும், ஒவ்வொரு ஃபேஸிலும் 16 ஆம்பியர். அறிமுகத்தின்போது மஹிந்திரா 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000, 11.2 கிலோவாட்டுக்கு 75,000 ரூபாய் வைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக்கில் 11 கிலோவாட் சார்ஜர் 73,000. டாடா ஹேரியர் இவியில் 7.2 கிலோவாட் சார்ஜருடன் வரும் வேரியன்டுக்கு 49,000 கூடுதல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுவரில் மாட்டுவது வெறும் இணைப்புப் பெட்டி. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்புவது காருக்குள் இருக்கும் கருவி. காருக்குள் 7.2 கிலோவாட் கருவி இருந்தால், சுவரில் 11 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 7.2-க்கு மேல் ஏறாது. எனவே பிறகு மாற்ற முடியாத காரின் கருவியைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவர்ப் பெட்டியைத் தேவைப்படும்போது வாங்கலாம். வெளிச் சந்தையிலும் கிடைக்கிறது. வேறு நிறுவனத்தின் பெட்டியைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் பாதிக்குமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் சார்ஜரைக் காரோடு கட்டாயமாகச் சேர்க்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தாலோ பொருத்த இடமே இல்லாவிட்டாலோ விலக்கு உண்டா என்று கேட்கலாம்.

எந்தச் சார்ஜர் என்பதைவிட எந்த ஒயரிங் என்பது முக்கியம். மணிக்கணக்கில் முழு ஆம்பியர் இழுக்கும் பிளக்குக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த்திங் ஆகியவை வேண்டும். பழைய வீட்டில் இதற்குச் செலவிடும் சில ஆயிரங்கள், வேகமான சார்ஜருக்குக் கொடுக்கும் அரை லட்சத்தைவிடப் பயனுள்ளவை. மின்கட்டணத்தையும் பார்க்க வேண்டும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் இழப்போடு சேர்த்து இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தனி இணைப்பு எடுப்பது மலிவா, கூரையில் சோலார் போடுவது மலிவா என்பதைக் கார் வாங்குவதற்கு முன்பே கணக்கிடுவது நல்லது.

நான்கு சக்கர இயக்கமும் பெரிய வீலும்

முன்பக்கம் ஒரு மோட்டார், பின்பக்கம் ஒரு மோட்டார் என்று இரட்டை மோட்டார் வைத்த கார்கள் சட்டென்று பாயும். சேற்றிலும் மணலிலும் பிடிப்பு அதிகம். ஹேரியர் இவியில் பின்சக்கர இயக்கத்திலிருந்து நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற 1.50 லட்சம் கூடுதல். மலைத் தோட்டத்துக்கும் மண் பாதைக்கும் போகிறவருக்கு இது பயன்படும். நகரத்துக்குள்ளும் தார்ச் சாலையிலும் ஓட்டுகிறவருக்கு ஒற்றை மோட்டாரின் வேகமே தேவைக்கு அதிகம்.

வீலின் அளவு தூரத்தைக் குறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஹூண்டாய் ஐயானிக் 6 இதற்குத் தெளிவான சான்று. 2023 மாடலில், பெரிய பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட காருக்கு அந்நாட்டு அரசின் சோதனை முறையில் 18 அங்குல வீலுடன் 361 மைல் கிடைத்தது; 20 அங்குல வீலுடன் 305 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 581-லிருந்து 491. பேட்டரி, மோட்டார் எதுவும் மாறவில்லை. நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்தால், 18 அங்குல வீலிலேயே 316 மைலாக இறங்கியது. பெரிய வீலால் தூரம் குறைவதற்கு அகலமான டயரின் உராய்வும், வீலைச் சுற்றிக் கலங்கும் காற்றும், கூடுதல் எடையும் காரணம். பெரிய வீலுக்கு வரும் டயர்களின் பக்கவாட்டுச் சுவர் உயரம் குறைந்தது. பள்ளத்தில் இறங்கினால் அலாய் வளையவும் டயர் கிழியவும் வாய்ப்பு அதிகம். மாற்றும் டயரின் விலையும் கூடுதல். பெரிய பேட்டரிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, அதனால் கூடிய தூரத்தில் பாதியைப் பெரிய வீலால் இழப்பது கூட்டிக் கழித்துப் பார்க்காததன் விளைவு.

வெயிலுக்கு எது, குளிருக்கு எது

வசதியின் மதிப்பு ஊரைப் பொறுத்தது. நார்வேயில் ஹீட் பம்ப் இல்லாத மின்சாரக் காரை வாங்கத் தயங்குவார்கள். குளிர்காலத்தில் காருக்குள் சூடேற்றவே பேட்டரியின் கணிசமான பங்கு போய்விடும். அந்தச் செலவை ஹீட் பம்ப் பாதிக்கும் கீழே கொண்டுவரக்கூடும். அதே கருவி சென்னையிலோ மதுரையிலோ பெரிய உதவி செய்யாது. சூடேறும் சீட்டுக்கும் இங்கே வேலை இல்லை.

இங்கே உதவுவது காற்றோட்ட சீட். அதன் விசிறிகள் இழுப்பது மிகக் குறைந்த மின்சாரம். வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கும்போது ஏசி முதல் சில நிமிடங்களுக்குப் பல கிலோவாட் இழுக்கும். பிறகு சுமார் ஒரு கிலோவாட்டில் நிற்கும். முதுகு வேர்க்காமல் இருந்தால் ஏசியைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். புறப்படுவதற்கு முன்பே, சார்ஜரில் செருகியிருக்கும்போது, செல்பேசியிலிருந்து ஏசியை இயக்கிவிடும் வசதியும் பயனுள்ளது. அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாமல் வீட்டு இணைப்பிலிருந்து போகும். ஆனால் செல்பேசி இணைப்புச் சேவை முதல் சில ஆண்டுகளுக்குத்தான் இலவசம். பிறகு சந்தா எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூரை முழுவதும் விரியும் கண்ணாடி சன்ரூஃபின் கதை நேர்மாறானது. டாப் மாடலை விற்பதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் கத்திரியில் அதன் வழியாக இறங்கும் வெப்பம் ஏசியின் சுமையைக் கூட்டும். பெரும்பாலானோர் ஆண்டின் பெரும்பகுதி திரையை மூடியே வைத்திருப்பார்கள். சில கார்களில் திரையே கிடையாது. குழந்தைகள் விரும்புவார்கள் என்பதற்காக வாங்கினாலும், ஓடும் காரில் தலையை வெளியே நீட்ட அனுமதிக்கக் கூடாது.

பாதுகாப்பு

ஆறு ஏர்பேக், வழுக்கும்போது காரை நிலைநிறுத்தும் இஎஸ்சி, குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் ஆகியவை பேஸ் மாடலிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேரியன்டைத் தாண்டி மேலே போவதில் தயக்கம் வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் இவி, பிஇ 6, மஹிந்திராவின் இன்னொரு காரான எக்ஸ்இவி 9இ, ஹேரியர் இவி போன்றவை ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன.

அடாஸ் என்ற ஓட்டுநர் உதவித் தொகுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னால் மோதும் நிலை வந்தால் தானாகவே பிரேக் போடுவதும், பக்கவாட்டில் மறைவாக வரும் பைக்கைக் காட்டுவதும், பின்னால் எடுக்கும்போது குறுக்கே வருவதை எச்சரிப்பதும் எந்தச் சாலையிலும் உதவும். நெரிசல் மிகுந்த தெருவில் 360 டிகிரி கேமரா தினமும் பயன்படும். தடத்துக்குள் காரைத் தானே திருப்பி வைத்திருக்கும் வசதிக்குச் சாலையில் தெளிவான கோடு வேண்டும். முன்செல்லும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ், நான்கு வழிச்சாலையில் களைப்பைக் குறைக்கும். எதிர்த்திசையில் வரும் பைக்கும் குறுக்கே புகும் மாடும் உள்ள சாலையில் கவனத்தைத் தளர்த்த முடியாது. முன்கண்ணாடிக்குப் பின்னாலும் பம்பருக்குள்ளும் கேமராவும் ரேடாரும் இருப்பதால் கண்ணாடி உடைந்தாலோ பம்பர் இடித்தாலோ மாற்றிய பிறகு அவற்றை மறுபடி அளவுசெய்து சரிப்படுத்த வேண்டும். அந்தச் செலவும் வசதியின் விலையில் சேர்ந்ததே.

நிறம், திரை, இசை

டெஸ்லா 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது, வசதிகளைத் தனித்தனி விலையில் விற்கும் வெளிநாட்டு முறையும் அதனோடு வந்தது. மாடல் ஒய் காரின் அப்போதைய தொடக்க விலை 59.89 லட்சம். சாம்பல் நிறம் இலவசம், வெள்ளைக்கும் கறுப்புக்கும் 95,000, நீலத்துக்கு 1.25 லட்சம், சிவப்புக்கு 1.85 லட்சம். உள்ளே வெள்ளை இருக்கை வேண்டுமானால் இன்னும் 95,000. நிறம் அவரவர் ரசனை. ஆனால் விற்கும்போது அதற்கான பணம் திரும்பி வராது. பளபளப்பில்லாத மேட் நிறம் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது, அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி வண்ணமடிக்க நேரும். ஹேரியர் இவியின் மேட் கறுப்பு ஸ்டெல்த் பதிப்புக்கு 75,000 கூடுதல்.

திரைகளும் ஸ்பீக்கர்களும் காலத்தால் மிக வேகமாகப் பழசாகும். ஐந்து ஆண்டுக்கு முன் வியப்பூட்டிய திரை இன்று சாதாரணம். இசையில் உண்மையான ஈடுபாடு உள்ளவர் நல்ல ஒலி அமைப்புக்குப் பணம் கொடுக்கலாம். மற்றவர்கள் இதற்காக ஒரு வேரியன்ட் மேலே ஏறத் தேவையில்லை.

மென்பொருளுக்கு முன்பணம்

மின்சாரக் கார்கள் வந்த பிறகு, கருவி ஏற்கெனவே காருக்குள் இருக்க, அதைத் திறந்துவிடுவதற்கு மட்டும் பணம் கேட்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. டெஸ்லா 2016-இல் விற்ற சில மாடல் எஸ் கார்களில் 75 கிலோவாட் மணி பேட்டரி இருந்தும், மென்பொருளால் 60 ஆகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது, மக்கள் தப்பிச் செல்ல வசதியாக நிறுவனம் அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டது. சூடேறும் சீட்டுக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ, எதிர்ப்பு கிளம்பியதால் 2023-இல் அதைக் கைவிட்டது.

இன்னும் முழுமையாகாத மென்பொருளுக்கு முன்கூட்டியே பணம் கொடுப்பது வேறு வகைச் சிக்கல். டெஸ்லாவின் முழுத் தானியங்கி ஓட்டும் தொகுப்புக்கு இந்தியாவில் வைத்த விலை 6 லட்சம். அறிமுகத்தின்போது அதன் முக்கிய வசதிகள் இந்தியச் சாலைகளில் செயல்படவில்லை. ஓட்டுநர் எப்போதும் கண்காணிக்க வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொகுப்பின் விலை 2022-இல் 15,000 டாலர் வரை ஏறி, 2024-இல் 8,000 டாலராக இறங்கியது. விலை ஏறும் என்று பயந்து முதலில் வாங்கியவருக்குத்தான் நஷ்டம். கார் ஒப்படைக்கப்படும் நாளில் ஒரு மென்பொருள் எதைச் செய்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுப்பதே பாதுகாப்பான விதி.

காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்

பலரும் கவனிக்காமல் விடும் நல்ல வசதி ஒன்று உண்டு. காரின் பேட்டரியிலிருந்து வெளிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கும் இதை வி2எல் என்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகள், செல்பேசி எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக்கு ஐந்தாறு யூனிட் போதும். பாதி நிரம்பிய கார் பேட்டரியே பல நாள் தாங்கும். இதற்கான அடாப்டர் காரோடு வருகிறதா, தனி விலையா என்று பார்க்க வேண்டும். வீட்டு மெயின் பலகையில் நேராகச் செருகுவது ஆபத்து. கருவிகளைத் தனி ஒயர் மூலமே இணைக்க வேண்டும்.

பேட்டரியை வாடகைக்கு எடுப்பது

எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் இரண்டு விலைகளோடு வந்தது. பேட்டரியோடு வாங்கினால் சுமார் 13.50 லட்சம். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம், அதோடு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வித்தியாசமான மூன்றரை லட்சத்தை மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அந்த எல்லையைத் தொட எட்டு ஆண்டுக்கு மேலாகும். முன்பணம் குறைவாக உள்ளவருக்கு இது வசதிதான். ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, நடுவில் காரை விற்றால் பாக்கி யாருடையது, தவணை தவறினால் என்ன ஆகும் என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சார்ஜ் செய்யும் மின்சாரச் செலவு இதில் சேராது.

உத்தரவாதமும் காப்பீடும்

மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் பரவலாக வழங்கப்படுகிறது. சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. காரை விற்றால் அடுத்தவருக்கு அது சுருங்கும். எனவே கூடுதல் உத்தரவாதத்துக்குப் பணம் கேட்டால், அது பேட்டரிக்கா, அல்லது திரை, சஸ்பென்ஷன், ஏசி போன்ற மற்ற பாகங்களுக்கா என்று பார்க்க வேண்டும். பல திரைகளும் சென்சார்களும் உள்ள காரை ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு இரண்டாவது வகை பயன் தரும்.

காப்பீட்டில், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்க்கையும், வெள்ளத்தாலோ அடியில் இடிபட்டாலோ பேட்டரிக்கு வரும் சேதத்தை ஏற்கும் சேர்க்கையும் பணத்துக்கு ஏற்றவை. கடலோர நகரங்களில் இவை கட்டாயம் என்றே சொல்லலாம். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. வெளியில் இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். அடிப்பகுதிப் பூச்சு, செராமிக் பூச்சு, அலங்காரத் தொகுப்பு என்று ஷோரூம் விலைப் பட்டியலின் கடைசியில் வரும் வரிகள் விருப்பத்துக்கு உரியவை. அவற்றை அடித்துவிடச் சொல்வதில் தவறில்லை.

ஒரு லட்சத்தின் உண்மையான விலை

கூடுதல் வசதிக்காக ஒரு லட்சத்தைக் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 2,076 ரூபாய். மொத்தம் சுமார் 1.25 லட்சம். காரின் விலை ஏறினால் காப்பீட்டு மதிப்பும் அதன் ஆண்டுப் பிரீமியமும் ஏறும். மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமே என்பதால் வரிச் சுமை பெட்ரோல் காரைவிடக் குறைவு. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், காலக்கெடுவும் உண்டு. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்ற வரியாக ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முடிவெடுக்கும் வரிசை இவ்வாறு அமையலாம். தினசரித் தூரம், அடிக்கடி போகும் ஊர்கள், வீட்டில் சார்ஜ் செய்யும் வசதி ஆகிய மூன்றையும் எழுதி, அதற்கேற்ற பேட்டரியை முதலில் முடிவு செய்வது. பாதுகாப்பு வசதிகள் முழுமையாக உள்ள மிகக் குறைந்த வேரியன்டைக் கண்டுபிடிப்பது. அதிலிருந்து ஒவ்வொரு படி ஏறும்போதும், கூடும் விலையையும் தினமும் தொடப்போகும் வசதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. சுவர்ச் சார்ஜரையும் அலங்காரப் பொருள்களையும் இரண்டு மூன்று மாதம் ஓட்டிய பிறகு வாங்கிக்கொள்வது. சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமில் தருவது பெரும்பாலும் டாப் மாடலாகவே இருக்கும். வாங்க நினைக்கும் வேரியன்டின் இருக்கையில் உட்கார்ந்து, அதன் வீலோடு ஓட்டிப் பார்த்து, ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.